விரிப்பதா, சுருக்குவதா? அன்றாடத் தமிழில் எந்தச் சுருக்கம் எங்கே உதவும்

அடுக்குமாடி வீடுகளின் அறிவிப்புப் பலகைக்கு ஒரு செய்தி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்:

"க.ப.கு. ஞாயிறு மு.ப. 10-க்கு மே.நீ.தொ.யைச் சுத்தம் செய்யும். பி.ப. 2 வரை நீர் வராது. விவரங்களுக்கு க.ப.கு.வின் செ.வை அணுகவும்."

இப்படியும் எழுதலாம்:

"கட்டடப் பராமரிப்புக் குழு ஞாயிறு காலை 10 மணிக்கு மேல்நிலை நீர்த்தொட்டியைச் சுத்தம் செய்யும். பிற்பகல் 2 மணி வரை நீர் வராது. விவரங்களுக்குக் குழுவின் செயலாளரை அணுகவும்."

முதலாவது தாளில் சிறியது. ஆனால் அதைப் படிப்பவர் பல இடங்களில் நின்று, இது எதன் முதலெழுத்து என்று யோசித்துவிட்டுத்தான் நகர முடியும். இரண்டாவது நீளமானது, ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதன் மூன்றாம் வாக்கியத்தில் குழுவின் முழுப்பெயர் திரும்ப வரவில்லை, சுருக்கமும் வரவில்லை. "குழு" என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. சுருக்கங்களைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்துவிடும் வழி இதுதான்.

எழுதுபவர் முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து. முழுப்பெயரையே எங்கும் எழுதுவது ஒன்று. முதலில் விரித்துவிட்டு அடைப்புக்குறிக்குள் சுருக்கத்தைக் காட்டி, பிறகு சுருக்கத்தையே கையாள்வது இன்னொன்று. ஆங்கில எழுத்தொலிகளைத் தமிழில் எழுதுவது மூன்றாவது: ஏ.டி.எம்., பி.டி.எஃப். தமிழ்ச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோப்பது நான்காவது: கி.மீ., எ.கா. ஐந்தாவது, மேலே பார்த்த பொதுச்சொல் வழி: குழு, நிறுவனம், கருவி, விதி, படிவம்.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எழுத்துகளை எண்ணத் தேவையில்லை. வாசகர் அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததும் பொருளுக்குப் போய்விடுகிறாரா, அல்லது முழுப்பெயரைத் தேடிப் பின்னால் போகிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும். கிலோமீட்டர் என்று நினைக்காமலே கி.மீ. என்பதில் தூரத்தைப் புரிந்துகொள்கிறோம். லேசர், ரேடார், நாசா, யுனெஸ்கோ ஆகியவை சுருக்கங்கள் என்பதே பலருக்கு நினைவில் இல்லை. லேசரை "தூண்டப்பட்ட கதிர்வீச்சு உமிழ்வால் ஒளியைப் பெருக்குதல்" என்று விரித்தால் தெரிந்த பொருளும் தெரியாததாகிவிடும். உ.வே.சா. என்பதும் அப்படித்தான். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதன் என்று விரித்தால் சட்டென்று அடையாளம் காணாதவர்கள்கூட மூன்றெழுத்தில் கண்டுகொள்வார்கள். சுருக்கமே பெயராகிவிட்ட இத்தகைய இடங்களில் விரிப்பதுதான் தடை. மற்ற எல்லா இடங்களிலும் சுருக்கம் வாசகர் மீது ஏற்றப்படும் ஒரு சிறு சுமை.

அந்தச் சுமை கூடிக்கொண்டே போகும். மனம் ஒரே நேரத்தில் ஏந்திவைத்திருக்கக்கூடியவை ஏறத்தாழ 4 துண்டுகள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதிய கட்டுரை வாதிடுகிறது. ஒரு பக்கத்தில் மூன்று புதிய சுருக்கங்களை அறிமுகப்படுத்தினால், சொல்ல வந்த விஷயத்துக்கு மிச்சமிருக்கும் இடம் மிகக் குறைவு.

ஆங்கில எழுத்தொலிகள் தமிழில் இழப்பவை

ஆங்கிலச் சுருக்கம் ஒன்றைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது இரண்டு இழப்புகள் நேர்கின்றன. முதலாவது, வேறுபாடு அழிகிறது. ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் "பி" ஆகின்றன. நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் "டி" ஆகின்றன. அதாவது 26 எழுத்துகள் 24 ஆகக் குறைந்துவிடுகின்றன. இதனால்தான் "ஐ.டி." என்பது தகவல் தொழில்நுட்பமா, அடையாள அட்டையா என்று தெரிவதில்லை. "ஐ.டி. பிரிவிடம் உங்கள் ஐ.டி.யைக் காட்டுங்கள்" என்பது ஆங்கில எழுத்தில் குழப்பமற்ற வாக்கியம். தமிழ் எழுத்தில் அது புதிர். "டி.பி." காசநோயாக இருக்கலாம், முகப்புப் படமாகவும் இருக்கலாம். "பி.டி." என்று எழுதினால் அதற்குப் பின்னால் நான்கு வெவ்வேறு ஆங்கில எழுத்து இணைகள் நிற்க முடியும். ஆகவே பி, டி ஆகிய இரண்டில் ஒன்று வரும் சுருக்கத்தை எழுதும் முன், அதே ஒலியில் வேறொன்று புழக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். டி.வி.க்கு அப்படிப் போட்டி எதுவும் இல்லை, அதனால் அது பிழைத்துக்கொண்டது.

இரண்டாவது இழப்பு, நீளத்தில் கிடைக்க வேண்டிய லாபம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து என்பது ஓர் இடம். தமிழில் ஓர் ஆங்கில எழுத்தின் பெயர் இரண்டு, மூன்று, சில சமயம் ஏழு குறிகளைத் தின்னும். குறுஞ்செய்தி எண்ணும் முறைப்படி, உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். "டபிள்யூ.எச்.ஓ." 14 குறிகள். "உலக சுகாதார நிறுவனம்" இடைவெளிகளோடு 20. லாபம் வெறும் 6. "எஃப்.ஏ.கியூ." 12 குறிகள், "கேள்வி-பதில்" என்பதும் 12. "எச்.ஆர்." 8 குறிகள், "மனிதவளம்" என்பதும் 8. இடத்தை மிச்சப்படுத்துகிறோம் என்ற காரணமே இந்த இரண்டிலும் இல்லை. இருந்தும் பழக்கத்தால் சுருக்கத்தைத்தான் தட்டச்சு செய்கிறோம்.

குறுஞ்செய்தியில் இந்தக் கணக்கு உண்மையாகவே முக்கியம். தமிழ் எழுத்து யூனிகோடில் போவதால் ஒரு செய்திக்கு 160 அல்ல, 70 குறிகள்தான் இடம். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து, துண்டுகளை ஒட்டும் தலைப்புக்காகவும் இடம் போய், ஒவ்வொன்றிலும் 67 குறிகளே மிஞ்சும். இங்கே கி.மீ. என்று எழுதுவது பயன் தரும்: 11 குறிகள் 6 ஆகின்றன. ஆனால் இடம் போதவில்லை என்றால் முதலில் வெட்ட வேண்டியவை "தங்களுக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்" போன்ற சொற்றொடர்கள். பெயர்களைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

தமிழ் முதலெழுத்துகள்: பழகியவை நல்லவை, புதியவை கூடாது

தமிழில் முதலெழுத்தை எடுக்கும்போது உயிர்க்குறியும் கூடவே வருகிறது. ஆங்கில முதலெழுத்தைவிடத் தமிழ் முதலெழுத்து கூடுதல் செய்தி சொல்வது அதனால்தான். வார நாட்களைப் பாருங்கள்: தி, செ, பு, வி, வெ, ச, ஞா. ஏழும் வேறு வேறு. ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தில் எழுதினால் இரண்டு நாட்கள் ஒன்றோடொன்று மோதும், வாரக் கடைசி இரண்டும் மோதும். திசைகளும் அப்படியே: கி, மே, வ, தெ. கால அட்டவணை, நாள்காட்டிக் கட்டம், வரைபடம் ஆகியவற்றில் இவற்றைத் தயங்காமல் போடலாம். கட்டத்தின் வடிவமே இது நாள், இது திசை என்று சொல்லிவிடும்.

மாதங்களில் கவனம் வேண்டும். ஜன., பிப்., செப்., நவ., டிச. ஆகியவை தொல்லை தருவதில்லை. "ஜூ." என்பது ஜூனா ஜூலையா என்று தெரியாது, அவற்றைச் சுருக்கவே கூடாது. "ஆக." என்பது வாக்கியத்தின் நடுவில் "ஆகவே" என்ற பொருளில் படிக்கப்படும். கட்டத்துக்கு உள்ளே சரி, பத்தியில் ஆகஸ்ட் என்றே எழுதுங்கள்.

ஆபத்தானவை நாமே புதிதாக உருவாக்குபவை. மொத்த உள்நாட்டு உற்பத்தியை "மொ.உ.உ." என்றும், செயற்கை நுண்ணறிவை "செ.நு." என்றும் எழுதினால் எழுதியவருக்கு மட்டுமே புரியும். ஆங்கிலச் சுருக்கத்தை ஒதுக்கித் தமிழில் எழுதும் நல்ல எண்ணத்தில்தான் இவை பிறக்கின்றன, ஆனால் தமிழை வளர்ப்பது "செயற்கை நுண்ணறிவு" என்ற முழுச்சொல்தான். அதன் இரண்டு முதலெழுத்துகளால் அந்த வேலை நடக்காது.

புதிய சுருக்கங்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை என்பதற்கு ஆய்வுலகமே சான்று. ஆஸ்திரேலியாவின் அட்ரியன் பார்னெட்டும் ஸோ டபுள்டேயும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கோடியே 40 லட்சம் அறிவியல் கட்டுரைத் தலைப்புகளையும் 1 கோடியே 80 லட்சம் கட்டுரைகளின் முன்குறிப்புகளையும் அலசினார்கள். 11 லட்சம் தனித்தனி முதலெழுத்துச் சுருக்கங்கள் கிடைத்தன. அவற்றில் 79 சதவீதம் பத்து முறைகூட வரவில்லை. அடிக்கடி பயன்பட்டவை 0.2 சதவீதம், அதாவது இரண்டாயிரத்துக்குச் சற்று மேல். துறை வல்லுநர்களிடையே இந்த நிலை என்றால் பொதுவாசகரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

நன்கு பழகிய சுருக்கமும் பழக்கம் விட்டால் புரியாமல் போகும். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று பழைய ஆவணங்களில் வரும் குறிகளுக்கு இன்றும் யூனிகோடில் இடம் இருக்கிறது. அவற்றைத் தடையின்றிப் படிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

புள்ளி வைப்பதா, விடுவதா

ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகள் இது சுருக்கம் என்று காட்டிவிடும். தமிழில் பெரிய எழுத்து இல்லை. அந்த வேலையை முழுக்கப் புள்ளிதான் செய்கிறது. ஆங்கில நடைக்கையேடுகள் புள்ளியை விடச் சொல்கின்றன என்பதற்காக நாமும் விட்டுவிடக் கூடாது. "பி.கு." என்பதில் புள்ளியை எடுத்தால் "பிகு" ஆகிவிடும், பின்குறிப்பு கேட்டால் வாசகருக்குக் கிடைப்பது பிகு செய்தல். "மு.ப.", "எ.கா." இரண்டும் புள்ளி இல்லாமல் அர்த்தமற்ற அசைகளாகத் தெரியும்.

ஆங்கில எழுத்தொலிச் சுருக்கங்களில் மட்டும் ஒரு தளர்வு உண்டு. தமிழ்ச் சொல்லின் நடுவில் உயிரெழுத்து, அளபெடையில் தவிர, வராது. "ஏடிஎம்" என்பதன் நடுவில் "எ" நிற்பதால் இது வழக்கமான சொல் இல்லை என்று கண் உடனே உணர்ந்துவிடுகிறது. ஆகவே ஏடிஎம், யுஎஸ்பி போன்றவற்றைப் புள்ளியின்றி எழுதினாலும் பெரிதாகத் தடுக்காது. "ஏஐ" மட்டும் விதிவிலக்கு. இரண்டு உயிரெழுத்துகளும் ஒட்டி நிற்கும்போது அது யாரையோ கூப்பிடுவது போல இருக்கிறது. அதற்குப் புள்ளி வேண்டும், அல்லது செயற்கை நுண்ணறிவு என்றே எழுத வேண்டும்.

புள்ளியால் வரும் தொல்லையும் உண்டு. வாக்கிய முடிவும் அதே புள்ளி என்பதால், மொழிபெயர்ப்பு மென்பொருளும் உரையை வாசித்துக்காட்டும் மென்பொருளும் சுருக்கத்தின் நடுவில் வாக்கியத்தை உடைத்துவிட வாய்ப்புண்டு. இதைக் குறைக்க மூன்று செயல்கள் போதும்: புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாமல் "கி.மீ." என்று ஒட்டியே எழுதுங்கள், சுருக்கத்தை வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக வைக்காதீர்கள், எண்ணும் அலகும் இரண்டு வரிகளில் பிரியாதபடி உடையா இடைவெளி போடுங்கள். சுருக்கத்தில்தான் வாக்கியம் முடிந்தாக வேண்டும் என்றால் ஒரு புள்ளியே போதும், இரண்டு வேண்டாம்.

வேற்றுமை உருபு ஒட்டும் இடம்

தமிழில் சுருக்கம் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கலே கிடையாது. பெயர் தனியாக நிற்பது அபூர்வம். ஐ, ஆல், கு, இல், இன் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

சுருக்கத்தின் கடைசி ஒலியைப் பொறுத்து ஒட்டு மாறும். இ, ஈ, ஐ ஒலியில் முடிந்தால் யகரம் வரும்: டி.வி.யில். ஆ, ஓ ஒலியில் முடிந்தால் வகரம்: ஐ.நா.வில், சி.இ.ஓ.வை. எம், என், எல் போன்ற குறில் அடுத்த மெய்யில் முடிந்தால் மெய் இரட்டிக்கும்: ஏ.டி.எம்மில். "ஆர்" நெடில் என்பதால் இரட்டிக்காது: எச்.ஆரில். இந்த இரட்டிப்பு சில இடங்களில் வேறு சொல்லைப் பிறப்பிக்கிறது. "எச்" என்று முடியும் சுருக்கத்தோடு "இல்" சேர்ந்தால் "எச்சில்" வந்து நிற்கும். "என்" என்று முடிவதோடு "ஐ" சேர்ந்தால் "என்னை". "எம்" என்பதோடு சேர்ந்தால் "எம்மை".

இதற்குப் புழக்கத்தில் இருக்கும் தீர்வுகள் மூன்று. "ஏ.டி.எம்.-இல்" என்று சிறுகோடு போடுவது கண்ணுக்குத் தெளிவு, வாய்விட்டுப் படிக்கும்போது சற்று இடறும். "ஏ.டி.எம்-ல்" என்பதைத் தவிருங்கள், புள்ளி வைத்த மெய்யில் தொடங்கும் துண்டை யாராலும் தனியே ஒலிக்க முடியாது. "ஏ.டி.எம்மில்" என்று கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ஒலிக்கேற்ப ஒட்டுவது பேச்சுக்கு மிக அருகில் இருக்கிறது, அதையே பரிந்துரைக்கிறோம். ஆனால் இந்த மூன்றையும்விடச் சிறந்தது, உருபைத் தாங்க ஒரு பெயர்ச்சொல்லைப் பின்னால் நிறுத்துவது: "பி.டி.எஃப். கோப்பை", "ஏ.டி.எம். மையத்தில்".

இதற்கு ஓர் எதிர்ப்பு உண்டு. "பின் எண்" என்று எழுதினால் எண் என்பது இரண்டு முறை வருகிறதே, சுருக்கத்துக்குள்ளேயே அது இருக்கிறதே என்பார்கள். கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் "பின்னை மாற்றுங்கள்" என்று எழுதிப்பாருங்கள். தமிழில் "பின்" என்பதற்குப் பிறகு, பின்பக்கம், கொண்டை ஊசி என்று ஏற்கெனவே பொருள்கள் இருக்கின்றன. "பின் எண்ணை மாற்றுங்கள்" என்பதில் அந்தக் கூடுதல் சொல் பொருளையும் காக்கிறது, உருபையும் தாங்குகிறது. அதை விட்டுவிடக் கூடாது.

அளவுகளில் தவறு செய்தால்

மற்ற இடங்களில் சுருக்கம் புரியாவிட்டால் நேரம் போகும். மருந்தளவில் உயிர் போகலாம். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் ஜாயிண்ட் கமிஷன், பயன்படுத்தவே கூடாத சுருக்கங்களின் பட்டியலை 2004-இல் அறிவித்தது. அதில் முதன்மையானது யூனிட் என்பதற்கான ஒற்றை ஆங்கில எழுத்து. கையெழுத்தில் அது சுழியம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகப் படிக்கப்பட்டுவிடும். முழு எண்ணுக்குப் பின்னால் தேவையற்ற சுழியம் வைப்பதையும் (5.0 என்பது 50 ஆகலாம்), பதின்மப் புள்ளிக்கு முன் சுழியத்தை விடுவதையும் (.5 என்பது 5 ஆகலாம்) அதே பட்டியல் தடுக்கிறது.

தமிழில் இதற்கு இணையான பொறி "மி.கி.", "மை.கி." என்ற ஜோடி. ஒரு உயிர்க்குறிதான் வித்தியாசம், அளவில் 1000 மடங்கு. மில்லிகிராமை மி.கி. என்று எழுதலாம், மைக்ரோகிராமை எப்போதும் முழுச்சொல்லாகவே எழுதுங்கள். தேக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி.; "தே.க.", "மே.க." என்று சுருக்கினால் ஓர் எழுத்தைத் தவறவிட்டவர் மூன்று மடங்கு ஊற்றிவிடுவார். மி.லி. அளவையே நேராகச் சொல்வது நல்லது.

தேதியும் ஒரு சுருக்கம்தான். 03/04/2025 என்பது ஏப்ரல் 3 ஆகவும் மார்ச் 4 ஆகவும் படிக்கப்படும். கோப்புப் பெயர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 8601 தரம் சொல்லும் 2025-04-03 என்ற ஆண்டு-மாதம்-நாள் வரிசை உதவும், பெயர் வாரியாக அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும். மனிதர்கள் படிக்கும் உரையில் 3 ஏப்ரல் 2025 என்று மாதத்தை எழுத்தில் எழுதினால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

ஒருமுறை விரித்துவிட்டால் போதுமா

"முதலில் விரி, பிறகு சுருக்கு" என்பது அச்சுக்காலத்து விதி. வாசகர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் படிப்பார் என்று அது நம்புகிறது. கைபேசியில் படிப்பவர் தேடலிலிருந்து நடுப்பத்திக்கு வந்து விழுகிறார். ஒரு பத்தியைப் படம்பிடித்து அனுப்புகிறார்கள். விரிவு மேலே எங்கேயோ இருக்கிறது. ஆகவே நீண்ட உரையில் ஒவ்வொரு துணைத்தலைப்பின் கீழும் திரும்ப ஒருமுறை விரித்துவிடுங்கள். தலைப்பில் பழகாத சுருக்கம் வேண்டாம். ஒரே ஒருமுறை வரும் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் சுருக்கத்தைக் காட்டுவது வீண். இணையப் பக்கம் என்றால், சுருக்கத்தின் விரிவை அறிய ஒரு வழி இருக்க வேண்டும் என்று இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் 3.1.4-ஆம் விதியும் சொல்கிறது.

இந்த வழியை எப்போது எடுப்பது? எங்கள் கணக்கு எளிமையானது. ஒரு பெயர் நான்கு முறை வரை வந்தால் முதலில் முழுப்பெயர், அடுத்து பொதுச்சொல். ஐந்து முறையோ அதற்கு மேலோ வந்து, அதே வகையில் இன்னொரு குழுவோ நிறுவனமோ அதே உரையில் இருந்தால்தான் சுருக்கம். இரண்டு குழுக்கள் வரும் இடத்தில் "குழு" என்று மட்டும் எழுதினால் எது என்று தெரியாது. அங்கேகூட "பராமரிப்புக் குழு", "நிதிக் குழு" என்று அரைப்பெயர் வைப்பது எழுத்துக் கோவையைவிட மேல்.

எழுதி முடித்ததும் தேடல் பெட்டியில் புள்ளியைத் தட்டிச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதுங்கள், எத்தனை முறை வருகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தத் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் உரையைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்த இடங்களையும், "இது என்ன?" என்று நிமிர்ந்து பார்த்த இடங்களையும் தாளில் வட்டமிடுங்கள். வட்டமிட்டவற்றை விரித்துவிட்டு, உருபு ஒட்டிய வாக்கியங்களை இன்னொரு முறை நீங்களே படித்துச் சரிபாருங்கள். விரித்த பிறகு சந்தி மாறியிருக்கும், "விவரங்களுக்கு க.ப.கு." என்பது "விவரங்களுக்குக் கட்டடப் பராமரிப்புக் குழு" ஆகும்போது அந்த ஒற்றைச் சேர்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.